காத்திருக்கச் சொன்னவன் கடன்

தள்ளிப் போடுவதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஒரு காரியத்தைச் செய்தால் அதன் பலனுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று மறுத்தாலும் பதில் சொல்லத்தான் வேண்டும். தள்ளிப் போட்டுவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடுகிறோம். கடனைத் தள்ளிப் போடுகிறோம். கோர்ட்டில் வாய்தா வாங்குகிறோம். வாய்தா வாங்கினால் வழக்கு அழுகிப் போய்விடாது என்ற தைரியம் வக்கீலுக்கு இருக்கிறது.

மனித உடம்பில் சில விஷயங்கள் அழுகிப் போகும். அதனால்தான் வைத்தியத்தில் 'பிறகு பார்க்கலாம்' என்ற வார்த்தைக்கு மற்ற இடங்களில் இல்லாத கனம் இருக்கிறது. 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களில் கொரோனா உலகத்தைப் பிடித்து உலுக்கியபோது, அந்த வார்த்தை எத்தனையோ லட்சம் பேரிடம் சொல்லப்பட்டது. சொன்னவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். நல்ல காரணத்துக்காகவே சொன்னார்கள். அப்படியும் அந்த வார்த்தையின் நியாய அநியாயத்தை நாம் இன்னும் சரியாக யோசித்து முடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் ஒரு மூலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துப்போய், அதைத் திறக்க ஆபரேஷன் தேவைப்பட்டவர்களின் கதை அது.

இந்த மூலையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் எங்கள் சீமைதான். தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்குக் காலைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. நாற்றங்காலில் இறங்குகிறவன் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்குவதில்லை. சேற்றுக்குள் நத்தை ஓடு இருக்கும். வரப்பில் கருவேல முள் இருக்கும். குத்தினால் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே வேலையைப் பார்ப்பான். முன்பெல்லாம் அது ஆறிவிடும். சர்க்கரை வியாதி வந்த பிறகு கதை மாறிவிட்டது. அந்த வியாதி முதலில் காலின் உணர்ச்சியைத் திருடுகிறது. முள் குத்தியதே தெரிவதில்லை. பிறகு ரத்தக் குழாயைத் தடிக்கச் செய்து ரத்தத்தைக் குறைக்கிறது; குத்திய இடம் ஆறுவதில்லை. பீடியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சர்க்கரை இல்லாத நாற்பது வயதுக்காரனுக்குக்கூடப் புகையிலையாலேயே கை கால் குழாய்கள் அடைத்து விரல் கறுத்துப்போகும் வியாதி ஒன்று நம் நாட்டில் ஏராளமாக உண்டு. 1908ல் அதை விவரித்த லியோ பர்கர் என்ற டாக்டரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023ல் வெளியானபோது, சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கும் மேல் என்று தெரிந்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். நெல்லும் சோறும் மண்டிக்கிடக்கிற டெல்டாவில் இந்தக் கணக்கை யாரும் நம்ப மறுக்க மாட்டார்கள்.

காலுக்குப் போகும் ரத்தக் குழாயை ஆற்றுப் பாசனத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது எங்களுக்குச் சுலபம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிற தண்ணீர் கிளை ஆறாகி, வாய்க்காலாகி, கன்னியாகி, கடைசியில் பேராவூரணிப் பக்கமோ வேதாரண்யப் பக்கமோ ஒரு கடைமடை வயலில் போய் முடிகிறது. தலைப்பில் ஒரு அடி மண் மேடிட்டால் தலைப்பு வயலுக்கு ஒன்றும் ஆகாது. கடைமடை காய்ந்து போகும். உடம்பின் கடைமடை கால் விரல். குழாயில் அடைப்பு தொடையில் இருந்தாலும் கறுப்பது விரல்தான்.

அடைப்பு இரண்டு விதமாக வரும். ஒன்று திடீரென்று வருவது. எங்கிருந்தோ ஒரு ரத்தக் கட்டி வந்து குழாயில் உட்கார்ந்துகொள்ளும். கால் வெளுத்து, சில்லிட்டு, உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் திறந்துவிட்டால் பெரும்பாலும் கால் பிழைக்கும். அதற்கு மேல் போகப் போகத் தசை சாகும். 1963ல் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற டாக்டர், நுனியில் சின்ன பலூன் வைத்த ஒரு குழாயை உள்ளே விட்டு, பலூனை ஊதி, கட்டியை இழுத்து வெளியே கொண்டுவரும் முறையைப் பிரசுரம் செய்தார். அது எத்தனையோ கால்களைக் காப்பாற்றியது. இன்னொரு விதம் மெதுவாக வருவது. முதலில் கொஞ்ச தூரம் நடந்தால் ஆடுசதை இழுக்கும், அப்புறம் உட்கார்ந்திருக்கும்போதே வலிக்கும், அப்புறம் விரலில் புண், அப்புறம் கறுப்பு. இதற்கு மணிக் கணக்கில்லை, வாரக் கணக்கு. அடைப்பைத் தாண்டி வேறொரு குழாயை இணைப்பார்கள். அல்லது கம்பியை உள்ளே செலுத்தி பலூனால் விரிப்பார்கள்.

இந்த வித்தை பழசு ஒன்றும் இல்லை. 1894ல் பிரெஞ்சு நாட்டு ஜனாதிபதி சாதி கார்னோ லியோன் நகரத்தில் கத்தியால் குத்தப்பட்டு, ஒரு ரத்தக் குழாய் அறுந்து இறந்துபோனார். பக்கத்தில் பெரிய டாக்டர்கள் இருந்தும் அறுந்த குழாயைத் தைக்க அன்று யாருக்கும் தெரியாது. அதே ஊரில் மருத்துவம் படித்த அலெக்ஸி கரேல் என்ற இளைஞர் அதையே நினைத்துக்கொண்டிருந்து, பூத்தையல் போடும் ஒரு பெண்மணியிடம் மெல்லிய ஊசி பிடிக்கப் பழகி, குழாயைக் குழாயோடு தைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1912ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு நாட்டின் தலைவனுக்கே கிடைக்காத உதவி, நூறு வருஷத்தில் ஒரு குத்தகை விவசாயிக்கும் எட்டும்படி ஆயிற்று. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் உயர் சிகிச்சைக்கென்று கட்டிய பெரிய கட்டடம் 2019 ஜனவரி 27ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. இனி எதற்கெடுத்தாலும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2020 ஜனவரி கடைசியில், இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இது உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 20 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், அவசரமில்லாத ஆபரேஷன்களை ஒத்திவைக்கும்படி ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிற்று. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ்கள் நின்றுவிட்டன. ஜூன் மாதம் ஓரளவு ஓடி, ஜூலையில் மறுபடியும் நின்று, செப்டம்பரில்தான் திரும்ப ஓடின.

ஒத்திவைக்கச் சொன்னதில் நியாயம் இருந்தது. படுக்கையும் பிராணவாயுவும் சுவாசக் கருவியும் மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு வேண்டும். தொண்டைக்குள் குழாய் போட்டு மயக்கம் கொடுக்கும்போது நோயாளிக்குத் தொற்று இருந்தால், அறையில் இருக்கிற டாக்டர், நர்ஸ், தரை துடைக்கிற பெண் எல்லோருக்கும் ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளிக்கே ஆபத்து. 2020 மே மாதம் 'லான்செட்' பத்திரிகையில் ஒரு கணக்கு வந்தது. 24 நாடுகளில் 235 ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் கொரோனாத் தொற்று இருந்ததாகத் தெரிந்த 1,128 பேரைப் பார்த்து எழுதியது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 23.8 பேர். எழுபதும் அதற்கு மேலும் வயதானவர்களை மட்டும் எடுத்தால் 33.7 பேர். பாதிப் பேருக்கு மேல் நுரையீரல் கோளாறு கண்டது. குழாய் அடைத்து வருகிறவர்கள் யார்? வயதானவர்கள், புகை பிடித்தவர்கள், சர்க்கரையும் இதய வியாதியும் உள்ளவர்கள். அந்தக் கிருமிக்கு இவர்களைவிடத் தோதானவர்கள் வேறு யார்?

அது போதாதென்று கிருமி ரத்தக் குழாயையே தாக்கியது. குழாயின் உள் பூச்சைப் புண்ணாக்கி, ரத்தத்தை உறையச் செய்தது. வட இத்தாலியில் லொம்பார்தி பிரதேசத்து டாக்டர்கள், 2020ன் முதல் மூன்று மாதங்களில் கொரோனாவோடு திடீர்க் கால் அடைப்பும் வந்த 20 பேரைப் பற்றி எழுதினார்கள். 17 பேருக்கு அடைப்பு எடுக்கப்பட்டது. ரத்தம் ஒழுங்காக ஓடியது 12 பேருக்கு. வாய்க்காலைத் தூர் வாரி முடிக்கும் முன்பே மறுபடியும் வண்டல் படிகிற மாதிரி, எடுத்த இடத்திலேயே ரத்தம் உறைந்தது.

இந்தத் துறையில் இருக்கிற ஒரு டாக்டர் நண்பரிடம் பிற்பாடு இதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னார்: "கத்தி எடுத்து ஆள் செத்தா நான் கொன்ன மாதிரி இருக்கும். எடுக்காம கால் போனா வியாதி எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கும். ரெண்டும் ஒரே ஆள் கையில இருக்கிற முடிவுதான். ஆனா ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது முதல்லே சொன்னது மட்டும்தான்."

நான் அவரை மெச்சினேன். தன் மனசாட்சியின் ஓரவஞ்சனையைத் தானே கண்டுகொள்கிற மனிதர் அபூர்வம். அவர் சொன்னதில் ஒரு பழைய தர்மசங்கடம் இருக்கிறது. செய்து விளைந்த தீமையையும், செய்யாமல் விட்டு விளைந்த தீமையையும் உலகம் ஒரே படியால் அளப்பதில்லை. தண்ணீரில் தள்ளியவனைத் தூக்கில் போடுகிறோம். முழுகுகிறவனைப் பார்த்துக்கொண்டு நின்றவனை 'பாவம், பயந்துட்டான்' என்று விட்டுவிடுகிறோம். அன்றாட வாழ்க்கைக்கு இது ஏதோ ஒத்துவரலாம். ஆனால் ஒருவனைக் காப்பாற்றுவதே தொழிலாக வைத்துக்கொண்டவனுக்கும், அந்தத் தொழிலை நடத்தும் சர்க்காருக்கும் இந்தச் சலுகை உண்டா என்பது சந்தேகம்.

ஏனென்றால் காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கால் குழாய் அடைப்பு முற்றி, ஓய்விலும் வலியும் ஆறாத புண்ணும் வந்துவிட்டவர்களைப் பற்றி 2007ல் வெளியான சர்வதேச வழிகாட்டி ஒன்று, ஒரு வருஷத்தில் நான்கில் ஒருவர் காலை இழக்கிறார், இன்னொருவர் இதயம் மூளை சம்பந்தமான காரணங்களால் இறந்துபோகிறார் என்று சொல்கிறது. இரண்டு காலோடும் உயிரோடும் மிஞ்சுகிறவர்கள் பாதிப் பேர். இந்தக் கணக்கு பெருந்தொற்றுக்கு வெகு காலம் முன்பு, ஆஸ்பத்திரிகள் திறந்திருந்த நல்ல நாளில் எடுத்தது. லான்செட் கணக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பது சரியல்ல. ஒன்று முப்பது நாள் கணக்கு, மற்றது ஒரு வருஷத்துக் கணக்கு. இன்னொன்றும் உண்டு. அந்த 23.8 தொற்று இருந்தவர்களைப் பற்றியது. ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோரையும் பற்றியது அல்ல. ஆனால் பீதி இந்த நுணுக்கங்களைப் பார்ப்பதில்லை. 'இப்போ ஆபரேஷன்னா நாலுலே ஒருத்தர் காலி' என்று டீக்கடை வரை வந்து சேர்ந்துவிட்டது. மற்றக் கணக்கு எந்த டீக்கடைக்கும் வரவில்லை. காலில் புண்ணோடு வீட்டில் படுத்திருப்பவனின் கணக்கை மாலை ஆறு மணிக்கு யாரும் தொலைக்காட்சியில் வாசிக்கவில்லை.

அம்மாபேட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர் செய்தவர். 2020 பிப்ரவரியில் வலது கால் சுண்டுவிரலில் புண். ஓர் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, காலில் ரத்த ஓட்டம் குறைவு, குழாயைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும், தேதி சொல்கிறோம் என்றார்கள். அப்புறம் ஊரடங்கு வந்துவிட்டது. ஜூன் 12ஆம் தேதி, எட்டு வருஷத்துக்குப் பிறகு, குறித்த நாளில் மேட்டூர் திறந்தது. ஊரடங்கிலும் விவசாய வேலைக்குத் தடை இல்லை. எட்டு வருஷமாய் ஏங்கிய குறுவைக்குத் தண்ணீர் வரும்போது எந்த விவசாயி திண்ணையில் உட்கார்ந்திருப்பான்? துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆகஸ்டில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

2021 கடைசியில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியவரே, நடுவிலே ஒரு தடவை போய்க் கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"யாரும் வராதேன்னு சொல்லலே தம்பி. வான்னும் சொல்லலே. தேதி சொல்றோம்னாங்க. சரி, சொல்லுவாங்கன்னு இருந்தேன். அப்புறம் பார்த்தா ஊரே மூச்சு முட்டிக் கெடக்கு. சின்னப் புள்ளையெல்லாம் சாவுதுன்னாங்க. நாம ஒத்தை வெரலைத் தூக்கிக்கிட்டு போயி அவங்க முன்னால நின்னா நல்லாவா இருக்கும்?"

இந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. அவருக்குக் கோபம் இல்லை. டாக்டர்களைத் திட்டவில்லை, சர்க்காரைத் திட்டவில்லை. பயம்கூட இல்லை. முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு அந்தப் படுக்கை வேண்டியிருக்கும் என்று, கூச்சத்தோடு, தன் முறையை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது இன்னது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு விரலை விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். கொடுத்தது கால். தான் கொடுப்பது இன்னதென்று தெரியாமல் ஒருவன் கொடுத்ததைத் தியாகம் என்று சொல்லி நாம் சமாதானம் அடையலாமா? அவன் தூங்கும்போது மடியிலிருந்து எடுத்துக்கொண்டதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

தண்ணீர் குறைந்த வருஷங்களில் எங்கள் பக்கம் முறை வைத்து விடுவார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். கடைமடைக்காரனுக்கு அது போதாது, சண்டை வரும், ராத்திரியில் மதகை ஏற்றி இறக்குகிறவர்கள் உண்டு. எல்லாம் உண்டுதான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. உனக்கு என்றைக்குத் தண்ணீர் வரும் என்று சொல்லப்படுகிறது. வராவிட்டால் போய்க் கேட்க லஸ்கர் ஒருவர் இருக்கிறார். நாற்று இரண்டு நாள் தாங்கும், பால் பிடிக்கிற கதிர் தாங்காது என்பது தண்ணீர் விடுகிறவனுக்கும் தெரியும். வரப்பில் நிற்கிறவன் சொன்னால் காது கொடுப்பான். பற்றாக்குறை வந்தால் யாராவது காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பு நியாயமாக ஆவது இந்த மூன்றால்தான்: எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரிவது, எத்தனை நாள் என்று தெரிவது, தாங்காவிட்டால் குரல் கொடுக்க ஓர் இடம் இருப்பது. இவை இல்லாமல் காத்திருக்கச் சொல்வது கைவிடுவதற்கு நாகரிகமான பெயர்.

வைத்திய உலகமே பிற்பாடு இதற்கு ஓர் உதாரணம் காட்டியது. 116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2021 மார்ச் மாதம் வெளிவந்தது. கொரோனா வந்து இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் முப்பது நாளில் நூற்றுக்கு 4 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏழு வாரம் கழித்துச் செய்தால் அது 1.5, தொற்றே வராதவர்களுக்கும் அதே 1.5தான். ஆகவே, காத்திருக்கக் கூடிய ஆபரேஷன் என்றால், கூடுமானவரை ஏழு வாரம் பொறுப்பது நல்லது என்றார்கள். பயமாக இருந்தது, இப்படி ஒரு வருஷத்தில் ஒரு தேதியாக மாறியது. 'பிறகு' என்பதற்கும் 'ஏழு வாரம்' என்பதற்கும் எத்தனை தூரம்! முன்னதைக் கேட்டவன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பின்னதைக் கேட்டவன் காலண்டரில் ஒரு கோடு போடுவான். அதற்குள் விரல் கறுத்தால், எனக்கு ஏழு வாரம் தாங்காது என்று வந்து சொல்வான்.

"தீப்பிடித்த வீட்டில் நின்றுகொண்டு தர்ம நியாயம் பேசுகிறீர்களே" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுக்குள்ளேயே நோயாளிகள் காத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள், கவச உடைக்குள் வெந்துகொண்டு வேலை செய்த டாக்டர்களையும் நர்ஸுகளையும் பார்த்தவர்கள், அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்லத் துணிய மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. அந்தப் பெரியவரை ஏப்ரலில் கூப்பிட்டுக் கத்தி வைத்திருந்தால், வார்டில் தொற்றிக்கொண்டு அவர் இறந்தே போயிருக்கலாம். அவருக்குப் பேரன் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்காது. காத்திருக்கச் சொன்னதே சரியான முடிவாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் ஒரு முடிவு சரியாக இருந்துவிட்டால் அதோடு பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா? அதைத்தான் நான் கேட்கிறேன். பஞ்ச காலத்தில் அண்டை வீட்டுக்காரன் நெல்லை வாங்கி ஊருக்குக் கஞ்சி காய்ச்சினால், அது நல்ல காரியம்தான். நல்ல காரியம் என்பதால் அவன் நெல்லைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று ஆகிவிடாது. ஊரின் நன்மைக்காக ஒருவனைக் காத்திருக்கச் சொன்னால், ஊர் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறது. தவறு செய்தவன் தருகிற அபராதம் வேறு. சரியான காரியத்துக்காக வாங்கிய கடன் வேறு. முன்னதைப் பற்றியே நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். யார் மேலும் தப்பு இல்லை என்று தீர்ந்த பிறகு, பின்னதை மறந்துவிடுகிறோம்.

அந்தக் கடனைத் தீர்க்கப் பெரிய பொக்கிஷம் ஒன்றும் தேவையில்லை. முதலில் உண்மையைச் சொல்லுவது. 'இப்போது ஆபரேஷன் செய்தால் உங்களுக்கு இந்த ஆபத்து. செய்யாமல் இருந்தால் இந்த ஆபத்து. எங்கள் யோசனை இது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்' என்று இரண்டு பக்கமும் எடுத்துவைப்பது. ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்குகிறார்களே, அது கத்தியின் அபாயத்துக்கு மட்டும். கத்தியை எடுக்காமல் இருப்பதன் அபாயத்துக்கு யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. வாங்க வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லவில்லை. அந்த அளவு மரியாதையோடு பேச வேண்டும் என்கிறேன். படிக்காதவனுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைப்பவர்கள், விதை விடும் முன்பு வானத்தையும் மேட்டூர் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்த்துக் கணக்குப் போடுகிற ஒரு விவசாயியோடு பத்து நிமிஷம் பேசிப் பார்க்கட்டும். இரண்டு அபாயங்களுக்கு நடுவில் தேர்ந்தெடுப்பது அவனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

இரண்டாவது, காத்திருப்பவனை மறக்காமல் இருப்பது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு டெலிபோனும் போதும். வாரம் ஒரு முறை ஒருவர் கூப்பிட்டு, 'விரல் என்ன நிறம்? ராத்திரி வலி எப்படி? காலைத் தொங்கப் போட்டால்தான் தூக்கம் வருகிறதா?' என்று மூன்று கேள்வி கேட்டால், காத்திருக்கலாமா கூடாதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தொற்றின் கடுமை தணியத் தொடங்கிய 2021 ஆகஸ்டில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு ஆரம்பித்தது. நோயாளி வர முடியாவிட்டால் நாம் போகலாம் என்கிற எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணம் நல்ல நாளிலேயே வேரூன்றிவிட்டால் அடுத்த கெட்ட நாளில் கை கொடுக்கும்.

மூன்றாவது, எண்ணுவது. உலகம் முழுவதும் அந்த முதல் அலையின் உச்சமான பன்னிரண்டு வாரங்களில் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். இது மதிப்பீடு. எங்கள் பெரியவர் இதில் ஒரு புள்ளியாகவாவது இருக்கிறாரா என்பது சந்தேகம். அவருக்கு ஆபரேஷன் தேதியே குறிக்கவில்லையே. குறிக்காத தேதியை எப்படி ரத்து செய்வது? கொரோனாவால் இறந்தவர் பட்டியலிலும் அவர் இல்லை. கொரோனாவால் காலை இழந்தவர் என்று ஒரு பட்டியலே இல்லை.

இதே தஞ்சாவூரில், 1832ல் காலமான இரண்டாம் சரபோஜி மகாராஜா, மேல்நாட்டு வைத்தியத்திலும் நம் வைத்தியத்திலும் ஈடுபாடு கொண்டு தன்வந்திரி மகால் என்று ஒன்று நடத்தினார். கண் நோயாளிகளைப் பற்றி அங்கே எழுதிவைத்த குறிப்புகள், வர்ணத்தில் தீட்டிய கண்களின் படங்களோடு, சரசுவதி மகாலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அரண்மனைக்கு வந்த ஒரு சாதாரணக் கண்ணை உட்கார்ந்து படம் எழுதி வைக்க வேண்டும் என்று அன்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இருநூறு வருஷம் கழித்தும் அந்தக் கண் நம்மைப் பார்க்கிறது. சிகிச்சை பெற்றவர்களை எழுதி வைப்பது வழக்கம்தான். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களையும் அதே சிரத்தையோடு எழுதி வைக்கிற வழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

2023 மே 5ஆம் தேதி, உலக அளவில் அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. நாமும் முகமூடியை மடித்து வைத்துவிட்டோம். இன்னொரு கிருமி என்றைக்கோ வரத்தான் போகிறது. 1918ல் வந்த விஷக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று, அதற்கு முன்பும் வந்திருக்கிறது. அப்போதும் படுக்கை போதாது, டாக்டர் போதாது, யாராவது காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் நம் பெரியவரைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள். ஏனென்றால் 'நல்லாவா இருக்கும்' என்று கூச்சப்படுகிறவன்தான் எப்போதும் பின்னால் போய் நிற்கிறான். கூச்சப்படாதவன் தலைமடையில் நிற்கிறான்.

ஆகவே அடுத்த தடவை கடைமடைக்கு நாம் ஆள் அனுப்பிக் கேட்க வேண்டும். அவனாக வந்து கேட்பான் என்று இருந்தால், அவன் வரும்போது நடந்து வருவதற்குக் கால் இருக்காது.